சைபர் போட்ட கட்டம்

சிஷ்யைக்கு நாற்பது வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. அப்படியும் ஒரு குருகுலம் அமைந்தது, ஒரு கல்லூரியின் புள்ளியியல் துறையில். ஆண்டவன் போடுகிற கணக்கை யார் கண்டது?

எம்.எஸ்.சி. மாலை வகுப்புக்கு முதல் நாள் முத்துப்பேச்சி உள்ளே நுழைந்தபோது, பிள்ளையைச் சேர்க்க வந்த அம்மா என்று நினைத்து மாணவர்கள் எழுந்து நின்றார்கள். "ஆபீஸ் அந்தப் பக்கம்மா" என்று ஒருத்தன் கையும் காட்டினான். வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது அவளுக்கு.

"அக்கா நம்ம கிளாஸ்தான். உட்காருங்க அக்கா, ஆரம்பிப்போம்" என்றார் கோமதி மேடம்.

அன்றிலிருந்து குரு சிஷ்யையை அக்கா என்பார். சிஷ்யை குருவை மேடம் என்பாள். பட்டப்படிப்போடு மறந்துபோன கணக்கையெல்லாம் வகுப்பு முடிந்தபின் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார் மேடம். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அந்தப் புண்ணியத்தில் இப்போது இரண்டு இடத்திலிருந்து பிஎச்.டி. படிக்க வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்று பட்டணத்துப் பல்கலைக்கழகம். மற்றொன்று மலையடிவாரத்துப் பல்கலைக்கழகம். எங்கே சேர்கிறாள் என்று இன்றைக்கே பதில் போட வேண்டும். போனால், பார்க்கிற ஆபீஸ் வேலையை விட வேண்டும். இந்த வயதில் விட்ட வேலை திரும்பி வருமா?

அவள் புருஷன் சுடலைமுத்து பஸ் கண்டக்டர். குறுக்கே நிற்கிற ஆள் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ஏட்டி, படிச்சு முடிச்சா வேலை உண்டா?"

அதற்குப் பதில் தேடித்தான் ஒரு வாரம் உட்கார்ந்து அட்டவணை தயாரித்திருந்தாள் முத்துப்பேச்சி. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு வந்தாள்.

"ரெண்டு யுனிவர்சிட்டியும் படிச்சு முடிச்சவங்க இப்போ எங்கே இருக்காங்கன்னு வெப்சைட்டுல போட்டிருக்காங்க மேடம். வேலை கிடைச்சவங்களுக்கு ஒண்ணு போட்டேன். இல்லாதவங்களுக்கு சைபர்."

மேடம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பட்டணம் எப்படி?"

"எல்லாம் ஒண்ணு மேடம். பேங்க், கம்பெனி, வெளிநாடு. ஒரு சைபர்கூடக் கிடையாது."

"மலையடிவாரம்?"

"அங்கேதான் பாதிக்குப் பாதி சைபர்."

"அப்போ முடிவு பண்ணியாச்சே. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"நீங்க ஒரு பார்வை பார்த்துட்டா நிம்மதியா அனுப்பிடுவேன் மேடம். சாமி கும்பிட்டுட்டுக் கிளம்புற மாதிரி."

மேடம் ஒரு சைபரின் மேல் விரல் வைத்தார். "இது யாரு?"

"ச. கோமதின்னு ஒருத்தங்க."

"வேலை இல்லைன்னு போட்டிருந்துச்சா?"

"இல்ல மேடம். சைபர் வாங்கின எல்லாருக்கும் 'விவரம் இல்லை'ன்னுதான் போட்டிருந்துச்சு."

சொன்ன பிறகுதான் முத்துப்பேச்சிக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக மேடம் படித்துப் படித்துச் சொன்ன பாடம் அது. அவள் ப்ராஜெக்டே அதைப் பற்றித்தான்: கணக்கெடுக்கப் போகும்போது கதவைத் திறக்காத வீடுகளை என்ன செய்வது? அறுபது பக்கம் எழுதி, முதல் மார்க்கும் வாங்கியிருந்தாள்.

"கதவு திறக்காத வீட்டுல ஆளே இல்லைன்னு எழுதிட்டீங்களேக்கா" என்றார் மேடம். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

முத்துப்பேச்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "என் விஷயம்னதும் புத்தி வேலை செய்யலை மேடம்."

"எல்லாருக்கும் அப்படித்தான். பட்டணத்து வெப்சைட்டுல கடைசி வரியைப் படிச்சீங்களா?"

செல்போனில் தேடிப் பார்த்தாள். அடியில் பொடி எழுத்தில் இருந்தது. "'விவரம் அளித்தவர்கள் மட்டும்.'"

"பதில் சொல்லாதவங்களை அவங்க பட்டியல்லேருந்தே எடுத்துட்டாங்க. இவங்க விட்டு வச்சிருக்காங்க. அவ்வளவுதான். அங்கே எல்லாரும் நல்லா இருக்கலாம். இங்கேயும் எல்லாரும் நல்லா இருக்கலாம்."

"அப்போ நான் என்ன மேடம் செய்ய?"

"கதவைத் தட்டிப் பாருங்க. இந்த ச. கோமதி நம்பர் எனக்குத் தெரியும். துறை ஃபோன்ல போடுங்க."

மேசையோரம் ஒரு பழைய லேண்ட்லைன் இருந்தது. மேடம் சொல்லச் சொல்ல முத்துப்பேச்சி எண்களை அழுத்தினாள்.

மேடத்தின் கைப்பைக்குள் செல்போன் அடித்தது.

"உங்களுக்கு யாரோ கூப்பிடுறாங்க மேடம். எடுத்துப் பேசுங்க, நான் அப்புறம்..."

மேடம் எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ, கோமதி பேசுறேன். சொல்லுங்க, என்ன விவரம் வேணும்?"

குரல் எதிரிலும் கேட்டது, காதிலும் கேட்டது. முத்துப்பேச்சி ரிசீவரைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். கதவில் 'இ. கோமதி' என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்தாள்.

அந்த ஊர்ப் பக்கம் கோமதி என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அவள் சந்தேகப்படவே இல்லை.

"மேடம்... நீங்களா? இனிஷியல் மாறியிருக்கே."

"அது எங்க அப்பா எழுத்து. இது வீட்டுக்காரர் எழுத்து. ஃபோனை வைக்காதீங்கக்கா, கணக்கெடுக்க வந்தவங்க கேள்வியை முடிச்சுட்டுத்தான் போகணும்."

முத்துப்பேச்சி ரிசீவரை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். கேட்டாள். "முடிச்ச உடனே வேலை கிடைச்சுதா?"

"இல்லை. கையில பிள்ளை. மாமியார் படுத்த படுக்கை. வீட்டுலதான் இருந்தேன். 'என்ன வேலை பார்க்கிறீர்கள்'னு துறையில கேட்டு எழுதினாங்க. என்ன எழுதுறதுன்னு தெரியலை. எழுதவே இல்லை."

"அப்புறம்?"

"வியாழக்கிழமை தவறாம என் கைடு ஃபோன் பண்ணுவார். முதல்ல மாமியாரை விசாரிப்பார். அப்புறம் ஒரு கணக்கு சொல்லுவார். போட்டு வைம்மா, மறந்துடாதேம்பார். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டே போடுவேன். அதனாலதான் திரும்பி வர முடிஞ்சுது. அந்த மனுஷர் நல்லா இருக்கணும்."

"பட்டணத்துல அப்படி இருக்க மாட்டாங்களா மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அங்கே படிச்சவங்களைத்தான் கேட்கணும்."

"ஒருத்தர்கிட்ட பேசினேன். நல்ல மனுஷர். சம்பளம் எவ்வளவுன்னு கேட்டேன், சொன்னார். யார்கிட்ட படிச்சீங்க, எப்படிச் சொல்லிக்கொடுத்தாங்கன்னு கேட்க எனக்குத் தோணவே இல்லை."

"அவர் நம்பர் இருக்கு இல்ல?"

ரிசீவரை வைத்துவிட்டு மறுபடி எடுத்து அவரைக் கூப்பிட்டாள் முத்துப்பேச்சி. இந்த முறை அதைத்தான் கேட்டாள். கைடு பெரிய மேதை, ஆனால் அவரைப் பார்ப்பதே அபூர்வம், பெரும்பாலும் தானாகத்தான் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்றார். தனக்கு அது சரியாக இருந்தது என்றும் சொன்னார்.

"எனக்குச் சரியா இருக்காது மேடம்" என்றாள் ஃபோனை வைத்துவிட்டு. "பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாத்தான் எனக்கு ஏறும். அது உங்களுக்கே தெரியும்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்க அங்கே படிச்சதை முன்னாலயே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொல்லியிருந்தா தராசுல என் கையும் இருந்திருக்கும்."

முத்துப்பேச்சி அங்கேயே உட்கார்ந்து சுடலைமுத்துவைக் கூப்பிட்டாள். பஸ் இரைச்சலுக்கு நடுவில் அவன் கத்தினான்.

"என்னட்டி, வேலை உண்டாமா?"

"தெரியாதுங்க. யாருக்கும் தெரியாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

"இதுக்கா எம்.எஸ்.சி. படிச்ச?" அவன் சிரிப்பது கேட்டது. "எங்கே போனா நல்லாப் படிப்ப, அதைச் சொல்லு."

"மலையடிவாரம்."

"அப்போ சாமியை வேண்டிக்கிட்டு அனுப்பு. விசில் குடுத்தாச்சு, வச்சுடுதேன்."

கண்ணை மூடி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டு பதிலை அனுப்பினாள். மனசு லேசானது. பிறகு அட்டவணையைப் பக்கத்தில் இழுத்து, ச. கோமதிக்கு நேராக இருந்த சைபரை அடித்துவிட்டு ஒன்று போடப் போனாள்.

மேடம் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னக்கா பண்றீங்க?"

"உங்களுக்குப் போய் சைபர் போட்டுட்டேனே மேடம். நீங்க இல்லைன்னா அன்னைக்கே நான் வாசலோட திரும்பியிருப்பேன். நன்றி கெட்டவளா நான்?"

"நன்றியைக் கோயில்ல வைங்க. அட்டவணையில வைக்காதீங்க."

"சைபரும் தப்பு, ஒண்ணும் கூடாதுன்னா, இந்தக் கட்டத்துல நான் என்னதான் மேடம் போடட்டும்?"

மேடம் அவள் விரல்களிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கி மூடினார்.

"காலியா விடுங்கக்கா. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் நான் பார்த்த வேலை. அது என்ன ஆச்சுன்னு, நீங்க போய்ப் படிச்சாத்தானே தெரியும்."