முடிச்சில்லாத கயிறு

அந்த மடத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது கயிறுகளைத்தான். முன்கூடத்து உத்தரத்தில் ஏழு ஆணிகள். ஏழு தெருவுக்கு ஏழு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மூச்சுக் காய்ச்சல் வந்து ஊரில் பாதியைக் கொண்டுபோனது. இருமலில்தான் தொடங்கியது. இருமலை யாரும் எண்ணவில்லை. எண்ணத் தொடங்கியபோது எண்ணியது பிணங்களை.

அதற்குப் பிறகு மடத்தின் குரு ஒரு ஏற்பாடு செய்தார். தெருவுக்கு ஒருத்தி. அந்தத் தெருக்காரியாகவே இருக்க வேண்டும். விடிந்ததும் வாசல் வாசலாக நின்று, "யாருக்காவது இருமலா?" என்று கேட்பாள். இருமலுக்கு ஒரு முடிச்சு. காய்ச்சலும் சேர்ந்தால் இரட்டை முடிச்சு. கயிற்றை மடத்தில் கொடுத்தால் அன்றைக்கு ஒரு படி அரிசி. முடிச்சு திடீரென்று கூடினால் சந்தை கலையும். கிணற்றுக்குத் தெருவுக்கொரு நேரம் வரும். மடத்துப் பின்கட்டில் நோயாளிகளுக்குப் பாய் விரியும்.

திருமேனி மடத்துக் காரியங்களைப் பார்ப்பவர். நெல் வியாபாரத்தை விட்டுச் சீடராக வந்தவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

ஒரு மார்கழிக் காலையில் அவர் கேட்டார்.

"சாமி, பதினோரு வருஷமா அரிசி கொடுக்கிறோம். வந்ததெல்லாம் முடிச்சுதான். நோய் வரலை."

"வரலை."

"ரெண்டு தடவை சந்தையைக் கலைச்சோம். ஊரே திட்டுச்சு. அப்பவும் வரலை."

"ஆமா. அப்பவும் வரலை."

"மண்டபத்துக் கூரை ஒழுகுது. இந்த அரிசியை வித்தா ஓடு மாத்திடலாம். வராத ஒண்ணுக்கு இன்னும் எத்தனை நாள் காவல்?"

குரு எழுந்து போய் உத்தரத்தடியில் நின்றார். ஆறு கயிறுகளிலும் முடிச்சுகள் இருந்தன. மூன்று, ஐந்து, ஒன்று என்று. ஏழாவதில் எதுவும் இல்லை. அதற்குப் பின்னால் தொங்கிய நேற்றைய கயிறும் வெறுங்கயிறு. முந்தாநாள் கயிறும்.

"இது எந்தத் தெரு?"

"தறிக்காரங்க தெரு, சாமி."

"முடிச்சே இல்லையே."

"நல்லதுதானே. தெரு சுத்தமா இருக்கு."

"இந்தப் பனியிலயா?"

திருமேனி தரையைப் பார்த்தார்.

"அந்தத் தெருவுக்குப் பவளாயிதானே? அவ எங்கே?"

"நிறுத்திட்டேன். பதினேழு நாளாச்சு. ஒரு தெருவுல மட்டும் நிறுத்திப் பார்ப்போம்னு. என் மக சொர்ணம் அங்கேதான் வாக்கப்பட்டிருக்கா. ஏதாவதுன்னா எனக்குத் தெரியாமலா போயிடும்னு நினைச்சேன்."

"அப்போ இந்தக் கயிறு?"

"ஆணி காலியா இருந்தா வர்றவங்க கேட்பாங்க. வரிசை குறையக் கூடாதுன்னு நானே தினம் ஒண்ணு மாட்டினேன்."

குரு அந்தக் கயிற்றை விரலால் தடவிப் பார்த்தார்.

"போகும்போது பவளாயி ஏதாவது சொன்னாளா?"

திருமேனி மெதுவாகச் சொன்னார்.

"'மூணாவது வீட்டு இருமல் ஒரு மாதிரி இருக்குய்யா, நாளைக்கு ஒரு நாள் பார்த்துடறேன்'னு சொன்னா. அரிசிக்காக அவ இழுத்தடிக்கிறான்னு நினைச்சேன். 'ஒரு படிக்கு ஒரு இருமலா?'ன்னு சிரிச்சேன்."

குரு வெறுங்கயிற்றை ஆணியிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நீங்களே கேட்டுட்டு வாங்க. மூக்கையும் வாயையும் துணியால கட்டிக்குங்க. வாசப்படி தாண்டாதீங்க."

தெருமுனையிலேயே திருமேனி நின்றுவிட்டார். தறிச் சத்தம் இல்லை. மார்கழி மாதம், ஒரு வாசலிலும் புதுக்கோலம் இல்லை.

முதல் வீட்டில் குரல் கொடுத்தார். "யாருக்காவது இருமலா?"

பதிலாக இருமல்தான் வந்தது. இரண்டு பேருடையது. ஒன்று குழந்தையுடையது.

முடிச்சுப் போட்டார். போட்டது அவிழ்ந்தது. திரும்பப் போட்டார்.

மூன்றாவது வீட்டுக் கதவில் வெளியே பூட்டு. வாசலில் பாயும் துணியும் எரித்த சாம்பல்.

ஐந்தாவது பவளாயி வீடு. கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"யாரு, அய்யாவா? உள்ளே வந்துடாதீங்க. எனக்கும் ஒண்ணு போட்டுக்குங்க. இரட்டையா."

"பவளாயி..."

"அரிசி வேணாம்யா," என்றாள். அதற்கு மேல் இருமல் அவளைப் பேச விடவில்லை.

பதினோராவது வீட்டில் கயிறு தீர்ந்தது. அடுத்தது சொர்ணத்தின் வீடு.

அங்கே மட்டும் கோலம் இருந்தது. பழைய கோலம். பனியில் நனைந்து, காய்ந்து, ஓரம் மங்கியிருந்தது. அதை ஒரு காலும் மிதித்திருக்கவில்லை.

திருமேனி கதவைத் தட்டக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. உள்ளே சத்தம் எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. பிறகு திரும்பி நடந்தார். தெருவைத் தாண்டியதும் ஓடினார்.

மடத்தில் சந்தை மணி அடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தைக் கலைக்கிற மணி. பின்கட்டில் பாய்களை உதறும் சத்தம் கேட்டது. குரு தூரத்திலேயே அவரை நிறுத்தினார்.

"எத்தனை வீடு?"

"பதினொண்ணு. கயிறு பத்தலை."

"சொர்ணம் வீட்டுல?"

"போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"தட்டலை, சாமி." துணிக்குள்ளே குரல் உடைந்தது. "தட்டாத வரைக்கும் அவ நல்லா இருக்கிற மாதிரியே இருந்துச்சு."

குரு புதுக் கயிறு ஒன்றை எடுத்து இடுப்பில் செருகினார். மூக்கை மூடித் துணியைக் கட்டிக்கொண்டு படி இறங்கினார்.

"பதினேழு நாளா அந்தத் தெருவே அப்படித்தான் நல்லா இருந்துச்சு," என்றார். "வாங்க, தட்டுவோம்."