நிறைஞ்சிருக்கு

செம்மணலூர்க்காரர்களின் வாயில் ஒரு சொல் மட்டும் வரவே வராது. வீட்டில் உப்புத் தீர்ந்துபோனால் "உப்பு இல்லை" என்று சொல்லமாட்டார்கள். "உப்பு நிறைஞ்சிருக்கு" என்பார்கள். அரிசிக்கும் அப்படித்தான், விளக்கெண்ணெய்க்கும் அப்படித்தான். நிஜமாகவே இருந்தால் "இருக்கு" என்பதோடு சரி. இல்லை என்று வாயால் சொன்னால் அடியோடு இல்லாமலே போய்விடும் என்று ஒரு பயம். நாலு பக்கமும் மணல், நடுவில் ஒரே ஒரு கிணறு. அங்கே பிறந்தவர்களுக்கு அந்தப் பயம் வராமல் என்ன செய்யும்? கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், கடைசியில் தீர்ப்பு உங்களிடம்தான் வரப்போகிறது.

ஒட்டக வணிகர்களின் பாதை அந்தப் பக்கம் திரும்பியதும் ஊர் நகரமாக வீங்கியது. அரசன் மேற்கே ஒரு மாளிகை கட்டி, அதை நிர்வகிக்க ஆற்றுநாட்டிலிருந்து கங்காதரர் என்ற அதிகாரியை வரவழைத்தான். அவர் வீட்டில் சமைத்தவள் கீழத்தெரு வடிவு. அவர் வந்த புதிதில் அவள், "ஐயா, உப்பு நிறைஞ்சிருக்கு" என்றாள். "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு அன்று உப்பில்லாத குழம்பைத் தின்றார் மனிதர். அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள் வடிவு. அடுத்த மாதம் அவள் அதையே சொன்னபோது, பொழுது சாய்வதற்குள் உப்பு மூட்டை வந்து இறங்கியது.

அந்தக் கோடையில் அரசனுக்குத் தாமரைக் குளத்தின்மேல் ஆசை வந்தது. பாலைவனத்தில் தாமரை! கங்காதரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். கிணற்றுக் காவலன் ஆண்டியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். கிணற்றில் அடிமண் தெரிந்தது. விடிய விடிய ஊறுகிற கொஞ்சம் தண்ணீரைத்தான் கீழத்தெரு முழுவதும் பங்கிட்டுக் குடித்துக்கொண்டிருந்தது.

"தண்ணீர் எப்படியப்பா இருக்கிறது?" என்றார் கங்காதரர்.

"நிறைஞ்சிருக்குங்க சாமி."

"எல்லோரும் கேட்டீர்கள் அல்லவா?" என்று கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டு, கிணற்றுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் அவர் திரும்பினார். மறுவாரமே வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். மாடு பூட்டி, ஊறியதை எல்லாம் ஊறிய கையோடு இறைத்துக் குளத்துக்கு விட்டார்கள்.

வடிவின் மகள் செவ்வந்தி அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டுவது இருக்கட்டும், பெற்றவள் தொண்டையை நனைக்கவே வழியில்லை. பால் வற்றிவிட்டது. பிள்ளை கத்திக் கத்திக் குரல் கம்மிப்போய்க் கிடந்தது. வடிவு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள். கயிற்றோடு சேறுதான் வந்தது. பக்கத்து வாய்க்காலோ ஈரம் காயாமல் மேற்கே போய்க்கொண்டிருந்தது. குடத்தைத் தரையில் போட்டு உடைத்தாள்.

"தண்ணி இல்லை! இல்லை! இல்லைடா பாவிகளா! இன்னும் எத்தனை நாளைக்கு வாயை மூடிக்கிட்டுச் சாவீங்க?"

ஊரே காதைப் பொத்திக்கொண்டது. மறுநாள் ஊற்று அடியோடு நின்றுபோனது. அவ்வளவுதான், சொந்தத் தெருக்காரர்களே அவள் வாசலில் வந்து நின்று ஏசினார்கள்: "உன் நாக்குதானடி ஊரைக் காயவச்சுது!"

"என் நாக்கா? குளத்தை ரொப்பினது என் நாக்கா? போய் அந்த வாய்க்காலைக் கேளுங்கடி!" என்று வடிவு கத்தினாள். யாரும் போகவில்லை.

வழக்கு அரண்மனைக்குப் போனது. குற்றவாளி யாரோ, அவர் நகரத்தை விட்டு மணலுக்குள் போகவேண்டும் என்று அரசன் சொல்லிவிட்டான். நியாயாதிபதி விசாரணையை எங்கே நடத்தினார் தெரியுமா? காற்று நன்றாக வருகிறது என்று அதே தாமரைக் குளத்தங்கரையில். தளும்புகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாத பேரப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள் வடிவு.

"என் அப்பன் பாட்டன் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க" என்றான் ஆண்டியப்பன்.

"நான் வெளிநாட்டான். காவலனே நிறைந்திருக்கிறது என்றான், நம்பினேன். நாலு பேர் சாட்சி" என்றார் கங்காதரர்.

"கிணத்துல இருந்ததைச் சொன்னேன். அது குத்தம்னா என்னை அனுப்புங்க. ஆனா இந்தப் பிள்ளைக்கு முதல்ல ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றாள் வடிவு.

வழக்கம் தவறாமல் பொய் சொன்னவன் ஒருவன். சொன்னதை நம்பி வாய்க்கால் வெட்டியவர் ஒருவர். வழக்கத்தை மீறி உண்மை சொன்னவள் ஒருத்தி. சொல்லுங்கள், இந்த மூவரில் மணலுக்குள் போகவேண்டியவர் யார்?

விடை: கங்காதரர்தான். உப்பு மூட்டையை மறந்துவிட்டீர்களா? தன் சாப்பாட்டில் உப்புக் குறைந்தபோது புரிந்த சொல், ஊர் தாகத்தில் செத்தபோது மட்டும் புரியாமல் போகுமா? புரிந்ததால்தான் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவில்லை, புரிந்ததால்தான் சாட்சிக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். ஆண்டியப்பன் கோழை, அந்த மட்டில் அவனையும் திட்டலாம். வடிவின் நாக்கு எந்த ஊற்றையும் அடைக்கவில்லை. ஆனால் நியாயாதிபதி என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? குளத்தில் கையைக் கழுவிக்கொண்டு, தீர்ப்பு நாளைக்கு என்று எழுந்து போனார். பிள்ளை நாளைவரை தாங்காது என்று வடிவுக்குத் தெரியும். அங்கேயே இறங்கி, தாமரையை ஒதுக்கி, பிள்ளையின் வாயை நனைத்தாள். பிறகு தெருவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். நேற்று ஏசிய கீழத்தெரு இன்று குடமும் பானையுமாக வந்து சேர்ந்தது. தடுக்கவேண்டிய காவலர்களும் அந்தத் தெருப் பிள்ளைகள்தான். மறுநாள் காலை அரசன் மாடத்தில் இருந்தபடியே, "குளத்தில் தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டான்.

"நிறைஞ்சிருக்குங்க, மகாராசா" என்றான் குளத்துக் காவலன்.