கெட்ஸல் விட்ட சொல்

"ரபி, இனி இந்த ஊரில் நான் தோரா வாசிக்க மாட்டேன்."

கெட்ஸல் உட்காரக்கூட இல்லை. ஸபோலின் என்ற அந்தச் சின்ன யூத ஊரின் ஜெப ஆலயத்தில் ஓய்வுநாளான சனிக்கிழமைதோறும் வேதமான தோராவின் சுருளை வாசிப்பவர் அவர்தான்.

ஊரின் மதகுருவான ரபி ஷ்மர்யா தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். "என்ன ஆயிற்று?"

"நேற்று ஒரு சொல்லை விட்டுவிட்டேன். ஒரே ஒரு சொல். ஆலயமே கத்திவிட்டது. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது."

"யார் கத்தியது?"

"யார் கத்தவில்லை என்று கேளுங்கள். தையல்காரர், மீன்காரர், நூலகம் நடத்துகிற அந்த நாத்திகன். திரைக்குப் பின்னாலிருந்து பெண்கள் வேறு."

ஸபோலின் அப்படிப்பட்ட ஊர். தெரு என்னவோ ஒன்றுதான். அதில் பள்ளிக்கூடம் மூன்று, நூலகம் ஒன்று, நாடகக் குழு ஒன்று, எல்லாவற்றுக்கும் நடுவே ஓயாத சண்டை. எந்தப் பள்ளி உசத்தி என்று கேட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. பெண்பிள்ளைகளும் மாலை வகுப்புக்குப் போனார்கள்.

சுருளில் மெய்யெழுத்துகள் மட்டும்தான்; உயிர்க்குறியும் இல்லை, ராகக்குறியும் இல்லை. வாசிப்பவர் எல்லாவற்றையும் நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். பிசகினால் திருத்தப் பக்கத்தில் ஒருவர் நிற்பார். எல்லா ஊரிலும் வழக்கம் அதுதான். ஸபோலினில் அந்த வேலையை ஊரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது.

"நகரத்துப் பெரிய ஆலயத்தில் கூப்பிடுகிறார்கள்," என்றார் கெட்ஸல். "அங்கே யாரும் கத்துவதில்லையாம்."

"போய் வா. அங்கே யாராவது திருத்தினால் கையோடு கூட்டி வா. நமக்கு ஆள் போதவில்லை."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது கெட்ஸலுக்கு. அந்த வாரமே கிளம்பிவிட்டார்.

நகரத்து ஆலயம் பெரியது. இருக்கைகளில் வெல்வெட். கெட்ஸல் சுருளின் முன் நின்று குரலெடுத்தார். மூன்றாம் பகுதியில் ஒரு சொல் நழுவியது.

நழுவியது அவருக்கே தெரிந்தது. தோள்களைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் நின்றவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

கெட்ஸல் தானாகவே பின்னால் போய், அந்த வரியை மறுபடி வாசித்தார். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

முடிந்ததும் ஆலயத் தலைவர் வந்து கையைக் குலுக்கினார். "பிசகே இல்லாத வாசிப்பு. அடுத்த வாரமே வந்துவிடுங்கள்."

கெட்ஸலுக்கு வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

ஊர் திரும்பியவரை ரபி ஏற இறங்கப் பார்த்தார். "யாரையும் கூட்டி வரவில்லையா?"

"இல்லை, ரபி."

"போகட்டும். சனிக்கிழமை வாசிக்கிறாயா?"

"வாசிக்கிறேன்."

சனிக்கிழமை வாசித்தார். அன்றைக்கு ஒரு பிசகும் வரவில்லை. ஆலயம் அமைதியாகத்தான் இருந்தது. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்முன் சும்மா திரும்பிப் பார்த்தார்.

தையல்காரரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. மீன்காரரின் உதடும். சுவரில் சாய்ந்து நின்ற நாத்திகன், வரப்போகிற வரியைத் தாடிக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

இத்தனை வருடமாகத் தான் ஒருவரே வாசிப்பதாக அவர் நினைத்திருந்தார்.

சுருளுக்குத் திரும்பினார். மூன்று சொல் வாசித்தார். நாலாவதில் நின்றுவிட்டார்.

மறந்துவிட்டார் என்று ஊர் நினைத்தது. நாலா பக்கமிருந்தும், திரைக்குப் பின்னாலிருந்தும், அந்தச் சொல் வந்து விழுந்தது.

அவருக்குத் தெரிந்த சொல்தான். ஆனாலும் கெட்ஸல் வாயைத் திறக்கவில்லை. காது கேட்கவில்லை என்பதுபோல் நிமிர்ந்து நின்றார்.

ஊர் இன்னும் சத்தமாகச் சொன்னது.