மோர்கனைத் தேடி வரும் கடல்

அந்தக் காலத்தில், கடலும் கடல்நாய்களும் பேசிக்கொண்டிருந்தபோது, வேல்ஸ் நாட்டுக் கடல் கரை ஏறியதே இல்லை. கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம். ஓர் ஆளை விழுங்கிவிட்டால் அவன் பெயரும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்ளும். அதே பெயரில் இன்னொருவன் படகேறினால் அவனையும் இழுத்துக்கொள்ளும். அதனால் கடல் கொண்டுபோனவன் பெயரை யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை.

அங்கே ஒரு மீன்பிடி ஊரில் மோர்கன் என்று ஒருவன் இருந்தான். வலையில் சிக்கிய கடல்நாய் ஒன்றுக்காகத் தன் புது வலையையே அறுத்துவிட்ட மனுஷன். அவனையும் ஒரு மூடுபனி நாளில் கடல் கொண்டுபோயிற்று. ஊரார் அவன் மனைவி நெஸ்டுக்கு ரொட்டி கொண்டுவந்தார்கள், அடுப்பு மூட்டிக் கொடுத்தார்கள், அவன் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை. உடலும் கிடைக்கவில்லை, பெயரும் போய்விட்டால் அப்படி ஒருவன் இருந்ததற்கு என்னதான் மிச்சம்?

அப்போது அவள் நிறைமாதக் கர்ப்பிணி. சில நாளில் பெண் குழந்தை பிறந்தது.

"பொண்ணாப் பொறந்தது நல்லதாப் போச்சு," என்றான் மோர்கனின் அண்ணன் ஹவெல். "ஏதாவது பூப் பேரா வைம்மா."

"மோர்கன்னு வைக்கப்போறேன், அத்தான்."

ஹவெல் பதறிவிட்டான். "அது ஆம்பளப் பேரும்மா! அதுவும் கடல் தின்ன பேரு. புள்ளையையும் தூக்கிக் குடுக்கப்போறியா?"

"எத்தனை நாள்தான் அந்தப் பேரை முழுங்கிக்கிட்டே இருக்கறது? எனக்கு நெஞ்சு அடைக்குது, அத்தான்."

சொன்னவள் குழந்தையை அள்ளிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். ஹவெல் பின்னாலேயே ஓடினான். தண்ணீர் ஓரம் நின்று, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர, "மோர்கன்!" என்று குழந்தையைக் கூப்பிட்டாள்.

கடல் திடுக்கிட்டது. 'என்னுடையவனை யார் கூப்பிடுவது?' என்று முதல்முறையாக இடம்விட்டு எழுந்து கரை ஏறியது.

வலையிலிருந்து பிழைத்த கடல்நாய் பாறைமேல் படுத்திருந்தது. அது சட்டென்று குறுக்கே வந்து விழுந்தது.

"கொஞ்சம் பொறு. உன் மோர்கன் எப்படி இருப்பான்?"

"தாடி இருக்கும். படகு தள்ளுவான்."

"அப்படியானால் பார்த்து எடு. ஆள் மாற்றி எடுத்தால் மீனெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்."

கடலுக்கு ரோஷம் அதிகம். "இன்னார்தான் என்று நிச்சயமாகத் தெரியாமல் இனி எந்த மோர்கனையும் தொடமாட்டேன். இது சத்தியம்," என்றது.

பிறகு மெல்ல ஊர்ந்து வந்தது. நெஸ்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கடல் எட்டிக் குழந்தையின் பிஞ்சுப் பாதத்தை நனைத்தது. தாடியும் இல்லை, துடுப்பும் இல்லை. பார்த்தால் பெண்பிள்ளை! அசடு வழியத் திரும்பிப் போயிற்று.

தண்ணீர் பட்டு வீறிட்ட குழந்தையை ஹவெல் கையில் வாங்கினான். "அழாதே மோர்கன், அழாதே," என்றான். தம்பி போனபின் அந்தப் பெயரை அவன் சொன்னது அப்போதுதான். சொல்லிவிட்டு, குழந்தையைவிடப் பெரிதாக அழுதான்.

அடுத்த வருஷம் ஹவெலுக்கு மகன் பிறந்தான். தயங்காமல் மோர்கன் என்றே வைத்தான். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும், எதிர்வீட்டுப் பையனுக்கும் அதே பெயர். கடலுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் கொடுத்த சத்தியத்தை அது மீறவில்லை.

அன்று முதல்தான் மோர்கன் என்ற பெயர் ஆணுக்கும் ஆயிற்று, பெண்ணுக்கும் ஆயிற்று. கடலும் விட்டபாடில்லை. எந்தத் தாயாவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், கரை ஏறி வந்து, நிற்பவர்களின் காலையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் மோர்கன் யாரென்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பிப் போகிறது.