முதல் பக்கத்தில் ஒரு பெயர்

இந்தக் கதையில் விடை உள்ளேயே கிடக்கிறது. அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டு அப்புறம் என்மேல் குறை சொல்லக் கூடாது, ஆமாம்.

மார்த்தாண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள் அஜிதா. சனிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஏதாவது ஒரு மினி பஸ்ஸில் ஏறுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவாள். வழியில் கண்டதை எழுதி, ஞாயிறு காலை மின்னஞ்சலில் கடிதமாக அனுப்புவாள், இணையத்திலும் போட்டு வைப்பாள். கேட்டவர்களுக்கெல்லாம் இலவசம். கேட்கத்தான் ஆளில்லை. மொத்தம் ஏழு வாசகர்கள்; அதில் நான்கு பேர் சொந்தக்காரர்கள், அவர்கள் படிப்பதில்லை என்பது அவளுக்கே தெரியும்.

ஆனாலும் துணிச்சலைப் பாருங்கள். முதல் கடிதத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள்: 'நூறு கடிதம் முடிந்தால் புத்தகமாகப் போடுவேன். எந்த வாசகர் இல்லாவிட்டால் இது பாதியில் நின்றிருக்குமோ, அந்த ஒருவர் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும்.' ஒருவர்தான், இருவர் இல்லை.

பன்னிரண்டு கடிதங்கள் போயின. ஒரு பதில் இல்லை. அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஒரு புதன்கிழமை, கடையில் கூட்டமில்லாத நேரத்தில், 'இத்தோடு விடைபெறுகிறேன்' என்று நாலு வரி எழுதி, வரும் ஞாயிறு காலை தானாகவே போகும்படி வைத்தாள். அழுகை வந்தது, அழுதாள். அதற்குள் ஒருவர் வந்து ஆதார் அட்டையை நீட்ட, கண்ணைத் துடைத்துக்கொண்டு நகல் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் தங்கலீலாவிடமிருந்து ஒரு பதில் வந்தது. அண்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிறவர் தங்கலீலா. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து "என்னத்த எழுதுற?" என்று கேட்ட பாவத்துக்கு, அவரையும் ஏழில் ஒருவராகச் சேர்த்திருந்தாள் அஜிதா. வந்தது பாராட்டு இல்லை, வெறும் சண்டை.

'மக்ளே, நீ எழுதினது தப்பு. ஆலடி முக்குல டிரைவர் டீ குடிக்க பஸ்ஸ நிறுத்தி எல்லாரையும் காக்க வைக்காருன்னு எழுதியிருக்க. அவரு டீயே குடிக்க மாட்டாரு. சும்மா கிளாஸ கையில வச்சிட்டு நிப்பாரு. பஸ் எடுக்க வேண்டியது நாலு எட்டுக்கு, எங்க ஆபீஸ் சங்கு ஊதுறது நாலு பத்துக்கு. நாங்க ஓடி வந்து ஏறினதும் கிளாஸ அப்படியே வச்சிட்டு வண்டிய எடுப்பாரு. நீ ஜன்னல் சீட்ட விட்டு எறங்கிப் பாரு.'

அஜிதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல மனுஷன்மேல் பழியைப் போட்டுவிட்டு எப்படிப் போவது? விடைபெறும் கடிதத்தை எடுத்துவிட்டாள். சனிக்கிழமை ஆலடி முக்கில் இறங்கி நின்று தன் கண்ணால் பார்த்தாள். ஞாயிறு காலை 'டிரைவரின் டீ கிளாஸ்' என்ற பதிமூன்றாவது கடிதம் மன்னிப்போடு போயிற்று. 'இனி ஏழு பேரே படித்தாலும் எழுதுவேன்' என்று அதன் அடியில் ஒரு வரி இருந்தது.

ஷார்ஜாவில் கிரேன் ஓட்டும் ஜெபசிங், லீவுக்கு வருமுன் ஊர் பஸ் நேரத்தை இணையத்தில் தேடப் போய், இந்தக் கடிதத்தில் வந்து விழுந்தான். படித்துவிட்டு அறை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான். அவர்கள் ஊருக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் ஏழு பேர் ஆயிரம் பேர் ஆனார்கள். அஜிதா பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் படித்துச் சிரித்துக்கொண்டாள்.

அந்த ஆயிரத்தில் ஒருவர் தக்கலை பள்ளி ஆசிரியை நூருன்னிசா. இனிமேல் சனிக்கிழமை லீவு எடுத்தால் சம்பளத்தைப் பிடிப்பேன் என்று கடை முதலாளி சொல்ல, 'பிடித்தால் பிடிக்கட்டும், பஸ்ஸை விட மாட்டேன்' என்று முப்பதாம் கடிதத்தில் எழுதினாள் அஜிதா. நூருன்னிசாவுக்கு மனசு கேட்கவில்லை. இலவசக் கடிதத்துக்கு வருடச் சந்தா அனுப்பினார், கூட வேலை பார்க்கும் ஆசிரியைகளையும் அனுப்ப வைத்தார். அதன்பின் அஜிதா நிம்மதியாக ஊர் சுற்றினாள்.

நூறாவது கடிதமும் போயிற்று. அச்சகத்தில் எல்லாம் தயார், முதல் பக்கம் மட்டும் காலி. மூவரையும் நினைத்தால் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பெயரோ ஒன்றுதான் போடலாம். மூவரிடமே கேட்டுவிட்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என் பேரப் போடுங்க. நான் இல்லன்னா உங்களுக்கு இன்னைக்கும் ஏழு பேருதான்" என்று சிரித்தான் ஜெபசிங்.

"ஜெபசிங் தம்பி அனுப்பாம உன்ன எனக்குத் தெரிஞ்சிருக்குமாம்மா? ஆனா என் பேரப் போட்டா வேண்டாம்னு சொல்ல மாட்டேன்" என்றார் நூருன்னிசா.

"நான் என்ன மக்ளே செஞ்சேன்? ஒரேயொரு தடவ எழுதினேன், அதுவும் குத்தம் சொல்லி. உன் மனசு நொந்திருக்கும்னு அப்புறம் எழுதவே இல்ல. ஆனா எல்லாத்தையும் படிச்சேன்" என்றார் தங்கலீலா.

இப்போது சொல்லுங்கள். கொடுத்த வாக்கு அப்படியே நிற்க வேண்டுமானால், முதல் பக்கத்தில் வரவேண்டிய பெயர் யாருடையது? டிரைவர் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அவர் வாசகர் இல்லை.

விடை: தங்கலீலா. ஜெபசிங் வராமல் போயிருந்தால் அஜிதா ஏழு பேருக்கு எழுதியிருப்பாள். நூருன்னிசா வராமல் போயிருந்தால் குறைந்த சம்பளத்தோடு எழுதியிருப்பாள். இரண்டையும் அவளே சொல்லியிருக்கிறாள். தங்கலீலா மட்டும் சண்டைக்கு வராதிருந்தால் அந்த ஞாயிறு போயிருப்பது விடைபெறும் கடிதம். ஜெபசிங் வந்து விழுவதற்குப் பதிமூன்றாவது கடிதமே இருந்திருக்காது. மற்ற இருவருக்கும் கடைசிப் பக்கம் முழுக்க நன்றி எழுதினாள் அஜிதா. முதல் பிரதியோடு சனிக்கிழமை ஆலடி முக்கில் போய் நின்றாள். சங்கு ஊதியது. ஓடி வந்த தங்கலீலா, முந்திரிக் கொட்டையின் பால் கறை பிடித்த கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மக்ளே, தப்பா போட்டுட்டியே" என்றார். "இல்லக்கா, இந்தத் தடவ எறங்கிப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன்" என்றாள் அஜிதா. டிரைவர் அன்றைக்கு இன்னும் ஒரு நிமிஷம் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.