முடிச்சை அவிழ்த்துப் பார்த்த தூக்கணாங்குருவி

குளக்கரைப் பனையில் முப்பது தூக்கணாங்குருவிகள் ஒரே நேரத்தில் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சத்தமென்றால் அப்படி ஒரு சத்தம்! ஒன்று நாரோடு வரும், ஒன்று நார் தேடிப் போகும். வழியில் இடித்துக்கொள்ளும், ஏசிக்கொள்ளும். மழைக்கு முன்னால் கட்டி முடித்தாக வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே பதற்றம்.

அந்தக் கூட்டத்தில் பொன்னையன் என்று ஓர் ஆண் குருவி இருந்தான். அவனைப்போலப் பதறுகிறவன் அந்தப் பனையிலேயே கிடையாது. விடிந்ததிலிருந்து உட்காரவே மாட்டான். ஆனால் அவன் கூடு மட்டும் வளரவே வளராது. ஏன் தெரியுமா? ஒரு முடிச்சுப் போடுவான். இரண்டு தத்து தத்தி நகர்வான். 'இறுகியிருக்குமா?' என்று ஒரு சந்தேகம் வரும். திரும்பி வந்து அதை அவிழ்த்துப் பார்ப்பான்!

அவிழ்த்தால் அவிழத்தானே செய்யும்? "பார்த்தீங்களா, அவிழ்ந்துடுச்சு! நல்லவேளை, இப்பவே பார்த்தேன்!" என்று பெருமூச்சு விடுவான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. போன வருஷம் அவன் ஒரு பழைய ஓலையின் நுனியில் கூடு கட்டினான். அந்த ஓலை காய்ந்து காவோலையாகி, பலமாகக் காற்றடித்த ஒரு நாளில் மட்டையோடு கழன்று குளத்தில் விழுந்தது. கூடும் அதோடு போயிற்று. விழுந்தது ஓலை. கூட்டில் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. ஆனால் அதை எட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை? "பொன்னையன் கூடு விழுந்துபோச்சு! பொன்னையன் கூடு விழுந்துபோச்சு!" என்று மரமே கத்தியது. அதைக் கேட்டுக் கேட்டு, அவனும் தன் அலகை நம்புவதை விட்டுவிட்டான்.

இந்த வருஷம் நல்ல இளம் ஓலையாகப் பார்த்துத்தான் பிடித்தான். நாளைக்குப் பத்து முடிச்சுப் போட்டு ஆறை அவிழ்த்தாலும், மற்றவர்கள் ஐந்து நாளில் கட்டுவதைப் பன்னிரண்டு நாளில் எப்படியோ கட்டிவிட்டான். கவிழ்த்த சட்டி மாதிரி பாதிக் கூடு தொங்கியது.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் பாதிக் கூடு கட்டிவிட்டு இறக்கையை அடித்துக்கொண்டு கூப்பிடுவான். பெண் வந்து பார்ப்பாள். பிடித்திருந்தால் "மீதியைக் கட்டு" என்பாள். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த ஓலைக்குப் போய்விடுவாள்.

அப்படிப் பார்க்க வந்தாள் காத்தாயி. வந்தவள் கூட்டின் விளிம்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கினாள். அலகால் நாலு இழு இழுத்தாள். உள்ளே போய்க் குதித்துப் பார்த்தாள். பொன்னையனுக்கு உயிரே இல்லை!

"நல்லா இருக்கு மச்சான்" என்றாள் காத்தாயி. "முட்டை வைக்கிற தொட்டிலும், கீழே இறங்குற குழாயும்தான் பாக்கி. எனக்கு நாள் நெருங்கிடுச்சு. நாலு நாளுக்கு மேல தாங்காது. நாலாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள கட்டிடுவியா?"

"கட்டிடுவேன்னுதான் நினைக்கிறேன்..."

"நினைக்கிறியா? உன் நினைப்புலயா நான் முட்டையிடுறது? முடியும்னா முடியும்னு சொல்லு!"

"முடியும்" என்றான் பொன்னையன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவள் பறந்து போனதும் அவன் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. முன்பாவது அவன் கூடு மட்டும்தான். இப்போது அதற்குள் முட்டை வரப்போகிறது! போன வருஷம்போல் விழுந்தால்?

பக்கத்து ஓலையில் மாயாண்டி என்று ஒரு குருவி குடியிருந்தான். சரியான சோம்பேறி! கூட்டுக்கு வேண்டிய நார் குளத்துக்கு அக்கரையில், கரும்புத் தோட்டத்தில் இருந்தது. தோகையின் ஓரத்தை அலகால் கீறி, அதைக் கவ்விக்கொண்டே பறந்தால் நீளமாக நார் கிழிந்து வரும். போகிற வழியில் ஒரு வல்லூறு வட்டமிடும். அதனால் மாயாண்டிக்கு அந்தப் பக்கம் போகவே மனம் வராது. பொன்னையன் ஒரு நாரை அவிழ்த்துக் கீழே போட்டதைப் பார்த்ததும் அவனுக்குக் கண் விரிந்தது. 'அட, வீடு தேடி வருதே!' என்று நினைத்துக்கொண்டான்.

உடனே தத்தித் தத்தி வந்தான். "தம்பி, தப்பா நினைச்சுக்காதே. அந்த இடப்பக்க முடிச்சு கொஞ்சம் தளர்வா தெரியுதே?"

"தளர்வாவா? எது அண்ணே?"

"இதோ, இது. பக்கத்துல இருக்கறதும்தான். எனக்கென்ன வந்தது, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உள்ளே முட்டை இருக்கப்போற கூடாச்சே!"

அவ்வளவுதான். பொன்னையன் இரண்டையும் அவிழ்த்தான். அவிழ்த்த நார் நுனி கிழிந்து நைந்திருந்தது. "இது ஆகாது" என்று தூக்கிப் போட்டான். அது கீழே போவதற்குள் மாயாண்டி கவ்விக்கொண்டான்.

"எங்கே அண்ணே கொண்டுபோறீங்க?"

"குளத்துல விழுந்தா தண்ணி கெட்டுப்போகும் பாரு. நானே அப்புறப்படுத்திடறேன். நீ உன் வேலையைக் கவனி."

"உங்களுக்கு நல்ல மனசு அண்ணே!" என்றான் பொன்னையன். அவன் அப்பாவித்தனத்தை நினைத்தால் எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது!

முதல் நாள் இப்படியே போனது. இரண்டாம் நாளும் அதே கதை. பொன்னையன் விடியலில் பறப்பான், வல்லூறுக்குத் தப்பி நார் கொண்டுவருவான், கட்டுவான். மாயாண்டி தலையைச் சாய்த்து "ம்ஹூம்" என்பான். பொன்னையன் அவிழ்ப்பான். மாயாண்டி பொறுக்குவான். பொன்னையன் ஓலையில் தொட்டில் வரவில்லை. மாயாண்டி ஓலையிலோ தொட்டிலும் வந்தது, குழாயும் வந்தது!

மூன்றாம் நாள் மதியம் காத்தாயி வந்தாள். வந்தவள் திகைத்துவிட்டாள். அவள் பார்த்துவிட்டுப் போன பாதிக் கூட்டில்கூடப் பாதிதான் மிச்சம் இருந்தது.

"இது என்ன மச்சான்? வளர்ற கூடா, தேயற கூடா?"

"எல்லாம் சரி பார்த்துக்கிட்டிருக்கேன் காத்தாயி. அந்த முடிச்செல்லாம் நம்பிக்கையா இல்ல."

"நான் தொங்கிப் பார்த்தேனே! என் மொத்த பாரத்தையும் போட்டுத் தொங்கினேனே! அப்ப அறுந்துதா?"

காத்தாயி கொஞ்ச நேரம் கூட்டையே பார்த்தாள். அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"மேகம் திரளுது பார். நாளைக்கு வருவேன். கூடு இருந்தா இங்கே தங்குறேன். இல்லேன்னா எனக்கு வேற வழி தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் விடிந்தது. குளத்தில் தவளைகள் விடாமல் கத்தின. காற்றில் ஈரம் வந்துவிட்டது. மாயாண்டியின் குழாய்க்கு இன்னும் ஒரே ஒரு நார் குறைந்தது. நல்ல தடிப்பான நாராக வேண்டும். அவன் கண் பொன்னையன் கூட்டின் கழுத்தில் போய் நின்றது. ஓலை நுனியைச் சுற்றி, முதன்முதலாகக் கட்டிய முடிச்சு அது.

"தம்பி, எல்லாத்தையும் பார்த்தியே, அடிமுடிச்சைப் பார்த்தியா? முழுக் கூடும் அதுலதானே தொங்குது! போன வருஷமும் அங்கேதானோ என்னவோ தப்பு..."

போன வருஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் பொன்னையன் பறந்து போய்க் கழுத்தில் உட்கார்ந்தான். அடிமுடிச்சில் அலகை நுழைத்தான். இழுத்தான்.

வரவில்லை.

இந்தப் பக்கம் வந்து இழுத்தான். வரவில்லை. காலை ஓலையில் ஊன்றி, இறக்கையை அடித்து, உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தான். ஓலைதான் ஆடியது! முடிச்சு அசையவே இல்லை. அலகு வலித்தது. மூச்சு வாங்கியது. பச்சையாகக் கட்டிய நார் காயக் காய ஓலையோடு இறுகிப் பிடித்திருந்தது. பதினாறு நாளாக அவன் தொடாமல் விட்டிருந்த முடிச்சு அது.

"என்ன தம்பி, வரலையா? இன்னும் கொஞ்சம் இழு!" என்றான் மாயாண்டி.

பொன்னையன் இழுக்கவில்லை. முடிச்சையே வெறித்துப் பார்த்தான்.

"அண்ணே, இதை யார் போட்டது?"

"இது என்ன கேள்வி? நீதான் போட்டே!"

"நானா போட்டேன்?"

"பின்னே, நானா வந்து போட்டேன்?"

"என்னாலயே அவிழ்க்க முடியலையே அண்ணே!" என்று கத்தினான் பொன்னையன். "என் பலம் மொத்தத்தையும் போட்டுட்டேன். நான் போட்ட முடிச்சு என்னையே ஜெயிச்சுடுச்சு! அப்ப மத்ததெல்லாம்? அவிழ்ந்ததையெல்லாம் காயறதுக்கு முன்னாடி நானேதானே அவிழ்த்தேன்!"

சொல்லி முடிக்கவில்லை, பறந்துவிட்டான். அக்கரைக்குப் போனான். நாரோடு வந்தான். கட்டினான். மறுபடி போனான். வல்லூறு ஒருமுறை வால் நுனி வரைக்கும் துரத்தி வந்தது. கரும்புக்குள் பாய்ந்து ஒளிந்து, அதே வேகத்தில் இன்னொரு நாரோடு வெளியே வந்தான்.

அவனுக்குச் சந்தேகம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எங்கே போகும்? கட்டிய ஒவ்வொரு முடிச்சிலும் 'இறுகியிருக்குமா?' என்று அது கேட்கத்தான் செய்தது. அலகு அரித்தது. கால் தானாகத் திரும்பியது. திரும்பிய காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அடுத்த நாருக்குப் பறந்துவிடுவான். சந்தேகம் வந்தபோதெல்லாம் ஒரு நார் வந்தது. மதியத்துக்குள் தொட்டில் முடிந்துவிட்டது!

மாயாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தம்பி, வலப்பக்கம் தளர்வா இருக்கு! அவசரப்படாதே! நல்லதுக்குத்தான் சொல்றேன்!"

"அப்படியா அண்ணே? வாங்க, தொங்கிப் பாருங்க!"

"என்னது?"

"தளர்வா இருக்குன்னு சொன்னீங்களே. அந்த முடிச்சுலயே தொங்குங்க. அறுந்தா நான் கட்டிக்கறேன். அவிழ்க்க மட்டும் மாட்டேன்."

மரத்துக் குருவிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. மாயாண்டியால் மறுக்க முடியவில்லை. வந்து தொங்கினான். வயிற்றெரிச்சலில் ஒரு குலுக்குக் குலுக்கினான். கூடு ஆடியது, அவனும் ஆடினான், முடிச்சு அப்படியே இருந்தது. "அட, பொன்னையன் கூடு பிடிச்சு நிக்குதே!" என்று யாரோ கத்தினார்கள். மாயாண்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் ஓலைக்குத் திரும்பினான்.

பொழுது சாய ஆரம்பித்தபோது காற்று வந்தது. பனை பேய் பிடித்ததுபோல் ஆடியது. கடைசி நாரோடு பொன்னையன் குழாயின் நுனியைக் கட்டிக்கொண்டிருந்தான். கூட்டுக்கு வெளியே நின்றால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளே போனால், கூடு விழுந்தால் அவனும் விழுவான். ஒரு நொடி தயங்கினான். பிறகு இறக்கையை மடக்கிக்கொண்டு, தான் கட்டிய கூட்டுக்குள் தானே போய் உட்கார்ந்தான்.

கூடு சுழன்றது. ஓலையில் மோதியது. உள்ளே பொன்னையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தான். வெளியே 'சர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பிரிந்தது மாயாண்டியின் கூடு! கட்டி அவிழ்த்து, கசங்கி நைந்த நார்கள்தானே அவை. எவ்வளவு நேரம் தாங்கும்? ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு குளத்தில் போய் விழுந்தன. நல்லவேளை, உள்ளே முட்டை எதுவும் இல்லை.

காற்று கொஞ்சம் தணிந்து தூறல் போட்டபோது காத்தாயி வந்தாள். விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். நாலு இழு இழுத்தாள். உள்ளே போனாள். வெளியே வரவே இல்லை.

நனைந்து ஒடுங்கிய மாயாண்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "உன் நாரை எடுத்துக் கட்டினேன், எனக்கு இது வேணும்தான். ஆனா ஒண்ணு கேட்கறேன் தம்பி. இவ்வளவு காத்துலயும் தாங்கும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது அண்ணே" என்றான் பொன்னையன். "அவிழ்க்காம விட்டேன். தாங்கிடுச்சு."

உள்ளேயிருந்து காத்தாயியின் குரல் வந்தது. "மச்சான், ஒரு சொட்டுகூட ஒழுகல! குழாய்தான் கொஞ்சம் கோணலா இருக்கு."

"கோணலாவா? அவிழ்த்துக் கட்டட்டுமா?"

"தொட்டுப் பார், கொத்திடுவேன்!" என்றாள் காத்தாயி.

பொன்னையன் சிரித்தான். அலகு கொஞ்சம் அரிக்கத்தான் செய்தது. அதை இறக்கைக்குள் செருகிக்கொண்டு, கோணல் குழாயின் மேலேயே மழையில் உட்கார்ந்துகொண்டான்.

செய்த வேலையை நொடிக்கொரு தரம் பிரித்துப் பிரித்துப் பார்ப்பவனுக்குத் தன்னம்பிக்கை ஒருநாளும் வராது. ஒழுங்காகச் செய்துவிட்டு, அதன்மேல் தன் பாரத்தைத் தானே துணிந்து போடுகிறவனுக்கே அது வரும்.