அறச்சாலையின் செக்கு

கொற்றந்துறையில் சட்டம் எழுதுகிற வேலை சேந்தனுடையது. அரசர் வாயால் சொல்வார், சேந்தன் அதை ஓலையில் வரிவரியாக இறக்குவார். தலை முழுக்க நரைத்த பிறகுதான் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். பெயர் நல்லமங்கை. சேந்தனைவிடப் பத்து வயது இளையவர்.

ஆற்றுக்கு அக்கரையில் நல்லமங்கை ஓர் அறச்சாலை நடத்திவந்தார். வீட்டார் கைவிட்ட நோயாளிகள் அங்கே இருந்தார்கள். அவர் உபதேசம் செய்கிறவர் அல்ல. சேந்தன் போனால் யாருக்காவது புண் கழுவிவிடச் சொல்வார். கழுவிக்கொண்டே கேள்வி கேட்கலாம். சில நாள் பதில் வரும், சில நாள் வராது.

சாலைக்கென்று ஒரு செக்கு இருந்தது. நோய் தேறியவர்கள் எள் ஆட்டி எண்ணெய் விற்றார்கள். கஞ்சியும் மருந்தும் அந்த வருமானத்தில்தான். அறம் செய்கிற இடம் என்பதால் சுங்கம் கிடையாது. அதனால் எண்ணெய் விலையும் கொஞ்சம் குறைவு.

ஒருநாள் ஊர்ச் செக்குக்காரர்கள் அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவன் மாசிலாமணி. ஒரு செக்கு, ஒரு ஜோடி மாடு, அவ்வளவுதான் அவனுடைய சொத்து. அவன் ஆட்டுவான், மனைவி செவ்வந்தி தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பாள். அவளும் பக்கத்தில் நின்றாள்.

"நாங்க சுங்கம் கட்டி விக்கிறோம், அவங்க கட்டாம விக்கிறாங்க" என்றான் மாசிலாமணி. "நோயாளிக்குச் சோறு போடுறது புண்ணியந்தான் சாமி. அதுக்கு எங்க சோத்துலயா கை வைக்கணும்?"

அரசர் சேந்தனைப் பார்த்தார். "அறம் செய்கிறவர்கள் வியாபாரம் செய்யலாமா, கூடாதா? எழுதிக்கொண்டு வாரும்."

சேந்தன் ஆற்றைக் கடந்தார்.

நல்லமங்கை அவருடைய இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். ஒரு கையில் சாலை எண்ணெயை விட்டார். மறு கையில் மாசிலாமணியிடம் வாங்கிய எண்ணெயை விட்டார்.

"எது சாலை எண்ணெய்?"

சேந்தன் முகர்ந்து பார்த்தார், நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

"வித்தியாசம் தெரியவில்லை, தாயே."

உள்ளே யாரோ முனகினார்கள். நல்லமங்கை எழுந்து போய்விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் சேந்தன் அதையே யோசித்தார். எண்ணெயில் வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் வித்தியாசம் நோக்கத்தில்தான் இருக்க வேண்டும். குரு சொல்ல வந்தது அதுதான் என்று அவருக்குப் பட்டது. பட்டதும் மனம் துள்ளியது. அன்றே எழுதினார். அற நோக்கம் உள்ள எவரும் எதையும் சுங்கமில்லாமல் விற்கலாம்.

அந்த ஆண்டு கொற்றந்துறையில் திடீரென்று தர்மவான்கள் பெருகினார்கள். கடைத்தெருவின் பெரிய வியாபாரி வாசலில் ஒரு மோர்ப்பானை வைத்தார், தன் கடைக்கு அறச்சாலை என்று பெயர் போட்டார். உப்பு வியாபாரி நான்கு பிச்சைக்காரர்களுக்குத் துண்டு கொடுத்தார். தர்ம உப்பு வந்தது, தர்ம வெல்லம் வந்தது. பெரிய வியாபாரி எட்டுச் செக்குப் போட்டுத் தர்ம எண்ணெய் ஆட்டினார். மோர்ப்பானை மாலைக்குள் காலியாகிவிடும். லாபம் வண்டி ஏறி அவர் வீட்டுக்குப் போகும்.

மாசிலாமணி முதலில் ஒரு மாட்டை விற்றான். பிறகு மற்றதையும் விற்றான். மாடு இல்லாத செக்கில் அவனே நுகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றினான். அவன் களைத்தால் செவ்வந்தி சுற்றினாள். ஒரு மத்தியானம் நுகத்தோடு முகம் குப்புற விழுந்தான். செவ்வந்தி ஓடிவந்து திருப்பிப் போடும்போது உயிர் இல்லை.

சேந்தன் சாவுக்குப் போனார். வாசலில் பெரிய வியாபாரியின் ஆட்கள் தர்மமாகப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு அங்கே நிற்கத் தோன்றவில்லை. நேராக அக்கரைக்குப் போனார்.

"நோக்கம் என்று எழுதினேன், தாயே. கேட்டால் எல்லோரும் நல்ல நோக்கம்தான் சொல்கிறார்கள். இனி அறம் செய்கிறவர்கள் எதையும் விற்கக் கூடாது. கொடுப்பவர்கள் கொடுப்பதை வைத்து நடத்தட்டும்."

"இந்தச் செக்கும் நிற்க வேண்டுமா?"

"சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே."

நல்லமங்கை செக்கடிக்குப் போனார். உரலில் எள் பாதி ஆடியிருந்தது. சுற்றிக்கொண்டிருந்த மாட்டை நிறுத்தி அவிழ்த்துவிட்டார்.

"தாயே, இன்னும் சட்டம் வரவில்லையே!"

"வரப்போகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

தன் குரு சட்டத்துக்கு இப்படித் தலைவணங்கியதில் சேந்தனுக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது சட்டம் வந்தது. தர்ம உப்பும் தர்ம எண்ணெயும் ஒரே வாரத்தில் மறைந்தன. மோர்ப்பானைகளும் மறைந்தன. வியாபாரிகள் பழையபடி வியாபாரிகள் ஆனார்கள். பெரிய வியாபாரிக்கு எட்டுச் செக்கும் இருந்தன, சுங்கம் கட்டுகிற அளவுக்குப் பணமும் இருந்தது. சாலைக்கு மட்டும் திரும்பிப் போக வேறு தொழில் இல்லை.

முதலில் ஊர்க்காரர்கள் நெல் கொடுத்தார்கள். ஒரு பணக்காரர், தன் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டுத்தான் நோயாளிகள் கஞ்சி குடிக்க வேண்டும் என்றார். வாழ்த்தினார்கள். வாய் புண்ணான ஒரு கிழவருக்குப் பேச்சு வராது. அவருடைய கஞ்சியை நிறுத்தச் சொன்னார் பணக்காரர். நல்லமங்கை மறுத்தார். மறுவாரம் அந்த நெல் வரவில்லை. பிறகு மழை பொய்த்தது, யாருடைய நெல்லும் வரவில்லை.

சேந்தனுக்கு இதெல்லாம் தெரியாது. அரசர் அவரை எல்லைத் தகராறு ஒன்றுக்கு அனுப்பியிருந்தார். திரும்பி வந்து படகுத் துறையில் நின்றபோது படகுக்காரன்தான் சொன்னான்.

"சாலைக்கா போறீங்க? அங்க எங்க சாமி இப்ப ஆளு? பாதிப் பேர ஆத்தங்கரையில வச்சு எரிச்சாச்சு."

சாலையில் பாய்கள் சுருட்டிச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. விரித்திருந்தவை கொஞ்சம்தான். கடைசிப் பாயில் ஒரு பெண் இருமிக்கொண்டிருந்தாள். கிட்டே போன பிறகுதான் அடையாளம் தெரிந்தது. செவ்வந்தி.

"நீ இங்கேயா?"

"வேற எங்க போவேன் சாமி?" என்றாள் அவள். "நெஞ்சு கெட்டுப்போச்சு. வாடகை வீட்டுக்காரர் போகச் சொல்லிட்டார்."

"செக்கு என்ன ஆயிற்று? உங்களுக்காகத்தானே இரண்டாவது சட்டம் எழுதினேன்."

"நல்ல சட்டம்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "ஆனா அது வரும்போது மாடு இல்ல, அவரும் இல்ல."

சேந்தன் தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்தச் சாலையின் மலிவு எண்ணெய்தான் அவள் பிழைப்பில் முதலில் கை வைத்தது. அவளுக்காக எழுதிய சட்டம்தான் இந்தச் சாலையின் அடுப்பை அணைத்தது. இப்போது அவளே அந்த அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் வந்து படுத்திருக்கிறாள்.

நல்லமங்கை நீர்க்கஞ்சி கொண்டுவந்தார். அதில் பருக்கையைத் தேடத்தான் வேண்டும். மெலிந்துபோயிருந்தார். சேந்தனை ஒரு வார்த்தையும் குற்றம் சொல்லவில்லை.

"இவருக்குப் புகட்டுங்கள்" என்றார்.

அன்று சேந்தன் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கஞ்சி புகட்டுவார், நெஞ்சைத் தடவிவிடுவார், நடுவே கேட்பார். சுங்கம் எவ்வளவு கட்டினீர்கள்? சாலை எண்ணெய் வந்த பிறகு எத்தனை வீடு உங்களிடம் வாங்குவதை நிறுத்தியது? பெரிய வியாபாரி லாபத்தை எங்கே வைத்தார்? செவ்வந்திக்குத் தெரிந்ததைச் சொல்வாள். சில நேரம் பாதியில் தூங்கிவிடுவாள். நல்லமங்கையிடமும் கேட்டார். செக்கு எவ்வளவு கொடுத்தது, கஞ்சிக்கு எவ்வளவு போனது, யார் அதைப் பார்த்தார்கள்?

"யாரும் பார்க்கவில்லை" என்றார் நல்லமங்கை. "யாரும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை."

வீட்டில் இருந்து எழுதியபோது ஒரே வரி போதுமாக இருந்தது. இங்கே உட்கார்ந்து எழுத வரி கூடிக்கொண்டே போனது. எழுதியதைக் கீறிப்போட்டு மறுபடி எழுதினார். ஒரு காலையில் தூணோரம் உட்கார்ந்தவர் வெயில் ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை. முடித்துவிட்டு ஓலையோடு எழுந்தார். செவ்வந்தியின் இருமல் நின்றிருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார். நல்லமங்கை அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

சேந்தன் குரலைத் தாழ்த்தி வாசித்தார்.

"அறம் செய்யும் இடம் பொருள் விற்கலாம். விற்கும் பொருளுக்கு மற்றவர்களைப் போலவே சுங்கம் கட்ட வேண்டும். நோயாளிக்குச் செலவான அளவைச் சபையில் காட்டினால், கட்டிய சுங்கம் அந்த அளவுக்குத் திருப்பித் தரப்படும். மிச்சத்தில் ஒரு காசும் நடத்துகிறவர் வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் அது கடை, அறச்சாலை அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவை ஊர் நடுவே வாசிக்க வேண்டும். பக்கத்தில் அதே தொழில் செய்கிறவனுக்கு எழுந்து கேள்வி கேட்கும் உரிமை உண்டு. கொடை கொடுத்தவருக்கு எந்தப் பாயில் யார் படுக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை இல்லை."

நல்லமங்கை கண்ணை மூடிக் கேட்டார்.

"ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா, தாயே?"

"இல்லை. சரியாக இருக்கிறது."

"சாலைச் செக்கு மறுபடி ஓடலாம். மாசிலாமணி மாதிரி ஒருவனும் பக்கத்திலேயே பிழைக்கலாம்." சேந்தன் ஓலையை அவர் பக்கம் நீட்டினார். "இவ்வளவுதானே, தாயே! கையில் எண்ணெயை விட்டீர்களே, அந்த முதல் நாளே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

நல்லமங்கை செவ்வந்தியின் போர்வையை மெல்ல மேலே இழுத்தார். கழுத்தோடு நிறுத்தாமல் முகத்தையும் மூடினார்.

"முதல் நாள் எனக்கே தெரியாது, சேந்தரே. இவர், இவர் கணவர், அந்தச் சுருட்டிய பாய்களில் கிடந்தவர்கள், இத்தனை பேர் செலவில்தான் நாம் கற்றுக்கொண்டோம். ஓலையை வைத்துவிட்டு வாருங்கள். கால்மாட்டில் பிடிக்க ஆள் வேண்டும்."